பரிமாற்ற மாணவராக ஓராண்டு வெளிநாட்டில்: புறப்படும் முன் கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டத்தில் இரண்டு பருவம் படிக்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. பள்ளி மாணவர்களுக்கான கேள்வி ஒன்றும் நடுவில் இருக்கிறது. நீங்கள் இப்போது படிக்கும் இடத்தைத் 'தாய்ப் பல்கலை' என்றும், போகவிருக்கும் இடத்தை 'ஏற்கும் பல்கலை' என்றும் குறிப்பிடுகிறோம். விசா விதிகளும் தொகைகளும் அடிக்கடி மாறுபவை. இங்கே உள்ள எண்களை அந்தந்தத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு மாதம் முன்பே தொடங்க வேண்டும்?

12 முதல் 15 மாதம். வேலை அவ்வளவு இருக்கிறதா என்றால், இல்லை, காத்திருப்புதான் அதிகம். ஒரு காகிதம் கைக்கு வந்தால்தான் அடுத்த காகிதத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும். தாய்ப் பல்கலை உள்ளுக்குள் தேர்வு நடத்தி, தேர்வானவர்களின் பெயர்களை ஏற்கும் பல்கலைக்கு அனுப்பும். இதுதான் நாமினேஷன். அது போய்ச் சேர்ந்த பிறகே உங்கள் விண்ணப்பம் திறக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் சேர்க்கைக் கடிதம். கடிதம் இருந்தால் விசாவுக்கான படிவம். படிவம் இருந்தால் நேர்காணல் தேதி. நடுவில் ஒன்று மூன்று வாரம் தாமதமானால் பின்னால் இருப்பவை எல்லாம் மூன்று வாரம் தள்ளிப்போகும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஏற்கும் பல்கலையின் தளத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதியை நம்பி இருந்துவிடுவது. உங்களைக் கட்டுப்படுத்துவது தாய்ப் பல்கலையின் உள்தேர்வுத் தேதி. அது பல மாதம் முன்பே முடிந்துபோயிருக்கும். கல்வியாண்டு எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். ஜப்பானில் ஏப்ரல், ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி இறுதி அல்லது மார்ச், ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபர். உங்கள் ஊரின் தேர்வு மாதமும் அங்கே தொடக்க மாதமும் மோதினால், தேர்வை முன்கூட்டி எழுத அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்தையும் 12 மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் இருக்கிறது, இன்னும் ஒன்றரை ஆண்டு செல்லும். போதுமா?

பெரும்பாலும் போதாது. திரும்பி வரும் தேதிக்குப் பின்னும் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பதானால் விண்ணப்பத்துக்கு முன்பே புதுப்பியுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் பழைய எண்ணும் கையில் புதிய பாஸ்போர்ட்டும் இருந்தால் எல்லாப் படிவத்தையும் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

பெயர் விஷயம் இன்னும் முக்கியம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல், எல்லா இடத்திலும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். பல்கலையின் கணினியில் ஒருவிதம், விசாவில் ஒருவிதம், டிக்கெட்டில் ஒருவிதம் என்று ஆனால் வங்கிக் கணக்கு திறக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். முதல் விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே, ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவது என்று ஏற்கும் பல்கலையிடம் மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

கல்விக் கட்டணம் இல்லை என்றார்கள். உண்மையில் எதுவும் கட்ட வேண்டாமா?

இரு பல்கலைகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால் கல்விக் கட்டணத்தைத் தாய்ப் பல்கலையில் கட்டினால் போதும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-லிருந்து இப்படித்தான் நடக்கிறது. ஆனால் மாணவர் சங்கக் கட்டணம், பருவக் கட்டணம், போக்குவரத்துச் சீட்டு, கட்டாய மருத்துவக் காப்பீடு, ஆய்வகப் பொருள் செலவு ஆகியவை தனி. விடுதி, விமானம், விசா உங்கள் கையிலிருந்துதான். 'கட்டணம் தள்ளுபடி' என்ற சொல்லில் எவை அடங்கும், எவை அடங்காது என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? திரும்பி வந்ததும் கணக்கில் எடுப்பார்களா?

ஓராண்டு வீணாகிறதா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது. விசாவுக்குப் படும் கவலையில் பாதியாவது இதற்குப் பட வேண்டும்.

முதலில் அளவு. பாடங்களின் அளவைக் கணக்கிடும் ஐரோப்பிய இசிடிஎஸ் முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்த்து. அமெரிக்காவில் இளநிலை மாணவர் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தால்தான் முழுநேர மாணவர். வழக்கமாக எடுப்பது 15. ஆகவே அமெரிக்காவின் ஒன்று ஐரோப்பாவின் இரண்டுக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. தாய்ப் பல்கலை இந்தக் கணக்கையே ஏற்கிறதா என்று கேளுங்கள். சில துறைகள் கிரெடிட்டைப் பார்க்காமல் பாடத்திட்டம் எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று பார்க்கும்.

அடுத்து பட்டியல். தேவை ஐந்து பாடம் என்றால் எட்டு அல்லது ஒன்பதுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் சில கழியும்: ஒன்று அந்தப் பருவத்தில் நடக்காது, இரண்டு ஒரே நேரத்தில் வரும், ஒன்றுக்கு முன்படிப்பு கேட்பார்கள், ஒன்றில் இடம் நிரம்பியிருக்கும். தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கிற பாடம் வகுப்பில் உள்ளூர் மொழியில் நடப்பதும் உண்டு. பயிற்றுமொழி எது என்ற வரியை ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகப் பாருங்கள்.

படிப்பு ஒப்பந்தம் என்ற தாளில் மூன்று கையெழுத்து இருக்க வேண்டும்: உங்களுடையது, தாய்ப் பல்கலையுடையது, ஏற்கும் பல்கலையுடையது. அங்கே போய்ப் பாடம் மாற்றினால், புதிய பாடத்துக்கு அதே மூன்று கையெழுத்தும் முதல் சில வாரங்களுக்குள் மீண்டும் வேண்டும். 'பேராசிரியர் சரி என்று சொன்னார்' என்பது ஓராண்டு கழித்துச் செல்லாது. அவரே வேறு பொறுப்புக்கு மாறியிருக்கலாம். எடுத்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். பருவம் முடிந்ததும் பல தளங்களில் அது மறைந்துவிடும்.

மதிப்பெண் மாற்றமும் தலைவலிதான். ஜெர்மனியில் 1 சிறந்தது, 4 தேர்ச்சியின் எல்லை, 5 தோல்வி. அங்கே வேற்று நாட்டு மதிப்பெண்ணை மாற்ற 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று உண்டு: உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டவும். 100-க்கு 40 தேர்ச்சி என்றால், 70 எடுத்தவருக்கு 2.5 வரும். எதிர்த்திசையில், அங்கே வாங்கிய 1.3 இங்கே எப்படி எழுதப்படும் என்பதற்கும் ஒரு அட்டவணை தேவை. தேர்ச்சி என்று மட்டும் பதிவார்களா, மதிப்பெண் சராசரியில் சேருமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

விசாவில் எங்கே தவறு நடக்கிறது?

நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்காவுக்கு, பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான ஜே-1 விசா. ஏற்கும் பல்கலை அல்லது திட்ட நிறுவனம் டிஎஸ்-2019 என்ற தகுதிப் படிவத்தை அனுப்பும். அதில் உள்ள எண்ணைக் கொண்டு செவிஸ் என்ற மாணவர் பதிவு அமைப்புக்கான கட்டணம் கட்டி, டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பத்தை நிரப்பி, நேர்காணலுக்குப் போக வேண்டும். படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக உள்ளே நுழைய முடியாது. முடிந்த பின் 30 நாள் இருக்கலாம், ஆனால் அந்த 30 நாளில் எல்லையைத் தாண்டிவிட்டு அதே விசாவில் திரும்பக் கூடாது. சிலருடைய ஜே-1 விசாவில் '212 இ' என்ற பிரிவு பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள்: சில வகை வேலை விசாக்களுக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ போகும் முன் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அரசுப் பணத்தில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஜப்பானுக்கு முதலில் தகுதிச் சான்றிதழ். உங்கள் சார்பில் பல்கலையே குடிவரவுத் துறையில் விண்ணப்பிக்கும். அது வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைய வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு மேல் தங்க அந்த நாட்டின் தேசிய விசா வேண்டும், அதன் பின் வசிப்பு அனுமதி. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பணச் சான்றில் ஒரே ஒரு விஷயம்: விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தால் சந்தேகம் வரும். அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் தாளையும் கூடவே வையுங்கள். ஜெர்மனி கேட்பது முடக்கக் கணக்கு: ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்பே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் கணக்கு. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். முதல் மாதமே வாடகை முன்பணம் தர வேண்டி வருவதால், இந்தக் கணக்குக்கு வெளியே தனியாகக் கொஞ்சம் பணம் வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம், ஏற்கும் பல்கலையும் தூதரகமும் கேட்பவற்றுக்கு மட்டும். அப்போஸ்டில் என்பது 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் செல்லும் முத்திரை. இரண்டில் ஒரு நாடு சேராவிட்டால் தூதரகச் சான்றொப்பம் வேண்டும், அதற்கு நாள் அதிகம். வரிசையைக் கவனியுங்கள்: மொழிபெயர்ப்பில் முத்திரையும் இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளுக்கு முதலில் முத்திரை, பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் மொழிபெயர்ப்புச் செலவு இரண்டு முறை.

காப்பீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

விசாவுக்குத் தேவையான குறைந்தபட்சத்தை முதலில். ஜே-1-க்கு ஒவ்வொரு விபத்துக்கும் நோய்க்கும் ஒரு லட்சம் டாலர், சிகிச்சைக்காக வேறிடம் கொண்டுபோகும் மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000, உடலைத் தாயகம் அனுப்ப 25,000. நீங்கள் முதலில் ஏற்கும் பங்கு ஒரு விபத்துக்கோ நோய்க்கோ 500 டாலரைத் தாண்டக் கூடாது. ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு 30,000 யூரோ என்பது பலருக்குத் தெரியும். ஓராண்டு தங்குகிறவருக்கு அந்தப் பயணக் காப்பீட்டைப் பல நாடுகள் ஏற்பதில்லை, உள்ளூர் மருத்துவக் காப்பீடே வேண்டும் என்பார்கள்.

பிறகு விலக்குகளைப் படியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய், பல், மனநல ஆலோசனை, பனிச்சறுக்கு போன்ற விளையாட்டு: தகராறு வருவது இந்த நான்கில்தான். காப்பீடு வகுப்பு தொடங்கும் நாளில் தொடங்கினால், விமானம் ஏறும் நாளுக்கும் அதற்கும் இடையே நீங்கள் காப்பில்லாமல் இருப்பீர்கள்.

மருந்து, தடுப்பூசி?

பல பல்கலைகள் தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் இரண்டு தவணைக்குச் சான்று கேட்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். ஹெபடைடிஸ் பி கேட்டால் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். அதாவது கடைசி மாதத்தில் நினைவு வந்தால் முடிக்க முடியாது. மஞ்சள் காய்ச்சல் சான்று ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். காசநோய்ப் பரிசோதனை நாட்டைப் பொறுத்தது.

நீங்கள் தினமும் எடுக்கும் மாத்திரை அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்பதைத் தனியாகப் பாருங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் ஆம்பெடமின் சேர்ந்த மருந்துகள் ஜப்பானில் மருத்துவர் சீட்டு இருந்தாலும் தடை. சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் தடை. மருந்தை அதன் பெட்டியிலேயே வைத்து, வணிகப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச்செல்லுங்கள். ஓராண்டுக்கான மொத்தத்தையும் கொண்டுபோக முயலாதீர்கள்; பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. அங்குள்ள மருத்துவர் மீண்டும் எழுதித் தர அந்தக் கடிதம்தான் உதவும். பல்லைப் புறப்படும் முன்பே சரிசெய்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாணவர் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறார். வேறு என்ன?

அமெரிக்காவின் ஜே-1 பள்ளித் திட்டத்தில் தொடங்கும்போது வயது 15-க்கும் 18½-க்கும் இடையே இருக்க வேண்டும். குடும்பத்துக்குப் பணம் தரப்படுவதில்லை. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறையாவது மாணவரிடம் பேச வேண்டும். பேசவில்லை என்றால் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அவசர சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

முதல் மாலையிலேயே கேட்டுவிட வேண்டியவை: எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், எந்த வேலை என்னுடையது, குளியலறை நேரம், வைஃபை எப்போது அணைக்கப்படும், உங்களை எப்படி அழைக்கட்டும். கேட்காமல் யூகித்து நடப்பதால்தான் மனத்தாங்கல் வருகிறது. ஒத்துவராத வீட்டை மாற்றச் சொல்லிக் கேட்பது தப்பில்லை; திட்டங்களில் அதற்கு வழி உண்டு.

வீடு பார்க்காமல் முன்பணம் கேட்கிறார்கள். தரலாமா?

தனியார் வீடென்றால் தராதீர்கள். 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன்' என்பவர்கள் மோசடிக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். பல்கலை விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். பல இடங்களில் முதலில் வந்தவருக்கே இடம். கிடைக்காவிட்டால் முதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும் தற்காலிக அறை எடுத்து, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தம் முடியும் நாள் கடைசித் தேர்வுக்குப் பின் வருகிறதா? ஜெர்மனியில் வகுப்பு பிப்ரவரியில் முடிந்தாலும் தேர்வு மார்ச் வரை நீளலாம். அந்த முகவரியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்றும் கேளுங்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் குடியேறி 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஜெர்மனியில் அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. அதைத் தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சாவி வாங்கிய நாளே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வங்கி ஓடிபி பழைய எண்ணுக்கு வருமே?

நல்ல கேள்வி, பலர் விமான நிலையத்தில்தான் யோசிக்கிறார்கள். பழைய எண்ணை உயிரோடு வையுங்கள். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறும் வசதி இயங்குகிறதா, குறைந்தபட்ச ரீசார்ஜ் எவ்வளவு நாளுக்கு என்று பாருங்கள். முடிந்த கணக்குகளை எல்லாம் அங்கீகாரச் செயலிக்கு மாற்றி, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பெட்டியில் வையுங்கள். போன் தொலைந்தால் இ-சிம்மும் அதோடு போய்விடும். சாதாரண சிம்மை வேறு போனில் செருகுவதுபோல அதைச் செய்ய முடியாது.

வேறு வேறு வங்கியின் இரண்டு அட்டை, வேறு வேறு பையில். கடையில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் வசூலிக்கட்டுமா' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகம்.

பெட்டியில் என்ன?

23 கிலோவுக்கு மேல் யோசிக்காதீர்கள். துணி அங்கே கிடைக்கும். மூலச் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், விசாப் படிவம், மருந்து ஆகியவை கைப்பையில். எல்லையில் அதிகாரி கேட்கும்போது சோதனைக்குப் போன பெட்டி உங்களிடம் இருக்காது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணிக்குள். 20,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 74, அதனால் பிரச்சினை இல்லை. மின்னழுத்தம் ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230 வோல்ட். லேப்டாப் சார்ஜரில் '100–240' என்று இருக்கும், அதற்குச் செருகி மாற்றி போதும். முடி உலர்த்தி, மின்கெட்டில் போன்றவற்றில் அப்படி இருக்காது, விட்டுவிட்டுப் போங்கள்.

பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

திட்டமிடும்போது அந்த வருமானத்தைச் சுழியம் என்று வையுங்கள். வரம்புகள்: ஜப்பானில் தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரு வாரத்துக்கு 48, ஜெர்மனியில் 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழுநாள், ஜே-1 மாணவருக்கு ஸ்பான்சரின் (டிஎஸ்-2019 தந்த நிறுவனத்தின்) எழுத்து அனுமதியோடு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20. அனுமதி இல்லாமல் ஒரு நாள் செய்தாலும் விசாவே போகலாம்.

மொழி எவ்வளவு தெரிய வேண்டும்?

சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஐரோப்பிய மொழி அளவுகோலின் நடு நிலைகளான பி1 அல்லது பி2. டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர்களும் உள்ளூர் மொழியில் முகவரி சொல்ல, தேதி எழுத, வலி எங்கே என்று சொல்ல, 'மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்தில் ஆங்கிலம் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

நடுவில் மனம் சோர்ந்துவிடும் என்கிறார்களே?

1955-இல் ஸ்வேரே லிஸ்கார் என்பவர் ஃபுல்பிரைட் என்ற உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ 18 மாதத்துக்கு மேலாகவோ இருந்தவர்களைவிட இடைப்பட்ட காலம் இருந்தவர்கள் அதிகம் தடுமாறியதாகக் கண்டார். அதிலிருந்துதான், மனநிலை முதலில் நன்றாக இருந்து, நடுவில் இறங்கி, பிறகு ஏறும் என்ற 'யு வடிவ வளைவு' பேச்சு வந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லோருக்கும் அந்த வளைவு பொருந்துவதாகக் காட்டவில்லை. பலருக்கு முதல் வாரங்களே மிகக் கடினம். ஆகவே சோர்வு எப்போது வரும் என்று கணக்குப் போடாமல், வாராவாரம் தவறாமல் போகும் ஒரு குழுவில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள்: பாட்டு, கால்பந்து, எதுவானாலும். வீட்டுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசுவது சோர்வைக் கூட்டுகிறது என்பது எங்கள் கருத்து. பல்கலையின் ஆலோசகர் எண்ணை நலமாக இருக்கும்போதே குறித்து வையுங்கள்.

திரும்பும்போது என்ன மறந்துபோகும்?

முகவரிப் பதிவை நீக்குவது. ஜெர்மனியில் வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு வீடு வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டணத்தைத் தனியாக எழுதி நிறுத்தாவிட்டால் ஆள் இல்லாத அறைக்கும் பில் வந்துகொண்டிருக்கும். முன்பணம் திரும்பி வரும் வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். மதிப்பெண் பட்டியல் நேரடியாகத் தாய்ப் பல்கலைக்குப் போகிறதா, உங்கள் கைக்கு வருகிறதா என்று கேட்டு, அங்கிருக்கும்போதே முத்திரையிட்ட ஒரு கூடுதல் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கும் பல்கலை தந்த மின்னஞ்சல் முகவரி சில மாதங்களில் மூடப்படும். பாட ஒப்புதல் பற்றி அதில் வந்த எல்லாக் கடிதங்களையும் அதற்கு முன்பே உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.